பதினைந்து கிராம்

1986 ஜூலை 7, திங்கட்கிழமை விடியற்காலை. கோலாலம்பூரின் புடு சிறையில் கெவின் பார்லோ, பிரையன் சேம்பர்ஸ் என்ற இருவர் தூக்கிலிடப்பட்டார்கள். ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தவர்கள், இருவருமே முப்பது வயதைத் தொடவில்லை. 1983 நவம்பரில் பினாங்கு விமான நிலையத்தில் நூறு கிராமுக்கு மேற்பட்ட ஹெராயினுடன் பிடிபட்டிருந்தார்கள். ஆஸ்திரேலியப் பிரதமர் பாப் ஹாக் கருணை கேட்டார். பார்லோ பிரிட்டனில் பிறந்தவர் என்பதால் மார்கரெட் தாட்சரும் கேட்டார். மலேசியா மறுத்தது. அந்தத் தூக்கை ஹாக் காட்டுமிராண்டித்தனம் என்றார்; இரு நாடுகளின் உறவில் அந்தக் கசப்பு வெகுகாலம் தங்கிவிட்டது.

அந்த மறுப்பில் ஒரு தன்மானமும் இருந்தது என்பதைச் சொல்லத்தான் வேண்டும். புடு சிறை ஆங்கிலேயர் கட்டியது, 1895இல் முடிந்தது. போதைப்பொருள் சட்டத்தின்கீழ் பார்லோவுக்கும் சேம்பர்ஸுக்கும் முன் அந்நாட்டில் தூக்கில் ஏறியவர்கள் மலேசியர்களும் பிற ஆசியர்களுமே. அப்போதெல்லாம் எழாத குரல் வெள்ளையர் இருவருக்காக எழுந்தபோது, இவர்களுக்காக மட்டும் சட்டத்தை வளைத்தால் எங்கள் மக்களுக்கு என்ன பதில் சொல்வோம் என்று ஒரு முன்னாள் காலனி நாடு நினைத்தது. நினைத்ததில் நியாயம் உண்டு. ஆனால் அந்தச் சமநீதி எல்லோரையும் ஒரே மேடையில் ஏற்றும் சமநீதியாக இருந்தது.

முப்பத்தைந்து ஆண்டுகள் கழித்து, 2021 நவம்பரில், கருணை கேட்டுக் கடிதம் எழுதும் இடத்தில் மலேசியா நின்றது. பிரதமர் இஸ்மாயில் சப்ரி யாக்கோப் சிங்கப்பூர்ப் பிரதமர் லீ சியென் லூங்குக்கு எழுதினார். மலேசிய மாமன்னர் சிங்கப்பூர் அதிபர் ஹலிமா யாக்கோப்புக்கு எழுதினார். சட்டத்தின் முறைகள் முழுமையாகப் பின்பற்றப்பட்டுவிட்டன என்று இருவருக்கும் பதில் வந்தது. 1986இல் ஹாக்குக்கு மலேசியா என்ன சொன்னதோ, ஏறக்குறைய அதையே சிங்கப்பூர் இப்போது மலேசியாவுக்குச் சொன்னது.

அந்தக் கடிதங்கள் யாருக்காக எழுதப்பட்டனவோ அவர் பேராக் மாநிலத்துத் தமிழர், நாகேந்திரன் தர்மலிங்கம். ஈப்போவை அடுத்த தஞ்சோங் ரம்புத்தான் ஊர்க்காரர். 2009 ஏப்ரலில், இருபது வயதை ஒட்டிய பருவத்தில், சிங்கப்பூரின் உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடியில் தொடையில் கட்டிய பொட்டலத்துடன் பிடிபட்டார். அதிலிருந்த தூய ஹெராயின் 42.72 கிராம், மூன்று மேசைக்கரண்டி அளவு. அவருடைய அறிவுத்திறன் ஈவு 69 என்ற மதிப்பீடு நீதிமன்றத்தின் முன் இருந்தது. 2021 நவம்பர் 10 அன்று தூக்கு என்று முதலில் நாள் குறித்தார்கள். முந்தைய நாள் அவருக்குக் கொரோனா தொற்று இருப்பது தெரிந்ததால் தூக்கு தள்ளிவைக்கப்பட்டது. உயிரை எடுக்கப்போகும் அரசு, நோயாளியைத் தூக்கிலிட முடியாது என்று ஐந்து மாதம் கொடுத்தது. 2022 ஏப்ரல் 26 அன்று அவருடைய தாயார் தொடுத்த கடைசி மனுவும் தள்ளுபடியானது. நீதிமன்றத்தில் கண்ணாடித் தடுப்பின் இடைவெளி வழியாகத் தாயும் மகனும் கைகளைப் பற்றிக்கொள்ள அனுமதி கிடைத்தது. மறுநாள் விடியற்காலை தூக்கு நிறைவேறியது. உடல் கடற்பாலத்தைத் தாண்டி ஊருக்கு வந்தது.

அந்தக் கடற்பாலத்தின் நீளம் ஒரு கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். ஜொகூர் பாருவிலிருந்து விடிவதற்கு முன்பே மோட்டார் சைக்கிள்கள் வரிசை பிடித்து ஊர்ந்து, சிங்கப்பூரின் கட்டுமானத் தளங்களுக்கும் தொழிற்சாலைகளுக்கும் கடைகளுக்கும் ஆட்களைக் கொண்டு சேர்க்கின்றன. அந்த வரிசையில் எப்போதும் தமிழர்கள் உண்டு. பாலத்தின் இருபுறத்துச் சட்டமும் பல பத்தாண்டுகள் இரட்டைப் பிள்ளைகளாக வளர்ந்தன. சிங்கப்பூர் 1975இல் தன் போதைப்பொருள் சட்டத்தைத் திருத்தி, 15 கிராமுக்கு மேல் தூய ஹெராயின் கடத்தினால் கட்டாயத் தூக்கு என்று விதித்தது. மலேசியா அதே 1975இல் தூக்கையோ ஆயுள் சிறையையோ நீதிபதி தேர்ந்தெடுக்கலாம் என்று வைத்திருந்தது. 1983 ஏப்ரலில் அந்தத் தேர்வையும் எடுத்துவிட்டது. அங்கேயும் 15 கிராம்தான். அந்த அளவோ அதற்கு மேலோ கையில் இருந்தால், விற்கத்தான் வைத்திருக்கிறார் என்று சட்டமே அனுமானித்துக்கொள்ளும். இல்லை என்று காட்டும் பாரம் பிடிபட்டவர் தலையில்.

அதே 1983 ஏப்ரலில் இந்தியாவில் இதற்கு நேர்மாறான ஒன்று நடந்தது. ஆயுள் கைதி கொலை செய்தால் கட்டாயத் தூக்கு என்ற இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 303ஆம் பிரிவை மித்து எதிர் பஞ்சாப் மாநிலம் வழக்கில் உச்ச நீதிமன்றம் செல்லாது என்று அறிவித்தது. நீதிபதியின் பகுத்தறிவுக்கு இடமே தராத தண்டனை நீதியாகாது என்பது அத்தீர்ப்பின் சாரம். ஒரு நாடு கதவைச் சாத்திய மாதத்தில் இன்னொரு நாடு திறந்தது. ஆனால் இந்தியாவும் 1989இல் போதைப்பொருள் குற்றத்தை இரண்டாம் முறை செய்பவருக்குக் கட்டாயத் தூக்கு என்று எழுதி வைத்தது. 2011இல் பம்பாய் உயர் நீதிமன்றம் தலையிட்டு, 2014இல் நாடாளுமன்றம் திருத்திய பிறகுதான் அது போனது. நாமும் நீண்ட காலம் சரியான பக்கத்தில் நின்றவர்கள் அல்லர்.

மலேசியாவில் 1983 பிப்ரவரியில் போதைப்பொருளைத் தேசப் பாதுகாப்புக்கே அச்சுறுத்தல் என்று அறிவித்தது பிரதமர் மகாதீர் முகமதுவின் அரசு. கட்டாயத் தூக்கும் அவர் காலத்துச் சட்டம்; பார்லோவும் சேம்பர்ஸும் தூக்கிலேறியதும் அவர் காலத்தில். அதே மகாதீர் 2018இல் மீண்டும் பிரதமரானார். அந்த ஆண்டு அவருடைய அரசுதான் தூக்குகளை நிறுத்திவைத்தது. அக்டோபரில் மரண தண்டனையையே ஒழிக்கப்போவதாகவும் அறிவித்தது. ஒழிப்பு அப்போது நடக்கவில்லை; எதிர்ப்பு வந்ததும் அரசு பின்வாங்கியது. நிறுத்திவைப்பு மட்டும் நின்றது. 2017க்குப் பிறகு மலேசியாவில் ஒருவரும் தூக்கிலிடப்படவில்லை.

இன்னொரு தொடர்ச்சியும் என் மனத்தில் நிற்கிறது. பார்லோவின் வழக்கறிஞர் கர்பால் சிங். பினாங்கில் தொழில் செய்தவர், ஜெலுத்தோங் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினர். அன்று அவர் தோற்றார். நியூசிலாந்திலிருந்து வந்து பினாங்கில் பிடிபட்ட ஒரு தாய், மகன் வழக்கிலும் அவரே நின்றார். தாய்க்கு விதிக்கப்பட்ட தூக்கு மேல்முறையீட்டில் ஆயுள் சிறையாகக் குறைந்தது. கட்டாயத் தூக்கு கூடாது என்று வாழ்நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டே இருந்தவர் 2014இல் சாலை விபத்தில் இறந்தார். 2023 ஏப்ரல் 3 அன்று மலேசிய மக்களவையில் கட்டாய மரண தண்டனை ஒழிப்பு மசோதா நிறைவேறியபோது, அரசின் சார்பில் அதை எடுத்துப் பேசிய சட்டத் துறைத் துணையமைச்சர் ராம்கர்பால் சிங், அவருடைய மகன். தூக்கு எதிர்பார்த்த விளைவைத் தரவில்லை என்று அவர் அவையில் சொன்னார். தந்தை நீதிமன்றத்தில் கேட்டுக் கிடைக்காததை மகன் நாடாளுமன்றத்தில் வாங்கித் தர, பார்லோ இறந்து ஏறத்தாழ முப்பத்தேழு ஆண்டுகள் ஆகியிருந்தன.

சட்டம் 2023 ஜூலை 4 முதல் நடைமுறைக்கு வந்தது. அது தூக்கை நீக்கவில்லை, கட்டாயத்தைத்தான் நீக்கியது. கடத்தல் வழக்கில் நீதிபதி இப்போது தூக்கும் விதிக்கலாம். ஆயுள் சிறையும், குறைந்தது 12 பிரம்படியும் விதிக்கலாம். பிரம்படி போகாததில் எனக்கு வருத்தம் உண்டு. ஆனால் தூக்குக்கும் பிரம்படிக்கும் நடுவே இருக்கும் தூரம் ஓர் உயிர்.

அந்தத் தேர்வு நீதிமன்றத்துக்குள் எதை மாற்றியிருக்கிறது என்பதைத்தான் நான் அதிகம் யோசிக்கிறேன். அன்று, குற்றம் நிரூபணமானது என்று நீதிபதி வாசித்த அடுத்த கணமே தண்டனையும் முடிந்த விஷயம். தணிப்பு வாதம் என்று ஒன்று கிடையாது. குற்றவாளிக்கு வயது என்ன, படித்தவரா, கடனில் மூழ்கியவரா, யாராவது ஏமாற்றி அனுப்பினார்களா, வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று ஒரு வழக்கறிஞர் எழுந்து சொன்னாலும் சட்டத்தின் காதில் அது விழாது. பத்தொன்பது வயதுக் கூலிக் கடத்தல்காரரும் சரக்கின் உரிமையாளரும் ஒரே தராசில் நிறுக்கப்பட்டார்கள். தராசில் ஏறியதும் பொட்டலம் மட்டுமே. இன்று குற்றம் உறுதியான பிறகு வழக்கின் இரண்டாம் பாதி தொடங்குகிறது. வயது, பங்கு, பின்னணி எல்லாம் கேட்கப்படுகின்றன. தூக்கு விதிப்பதானால் ஏன் என்று நீதிபதி எழுதியாக வேண்டும். அன்று நீதிபதிக்கு அந்தச் சுமை இல்லை. சட்டத்தின் பின்னால் நின்றுகொள்ள முடிந்தது. இன்று அவருடைய பேனாவே அவருக்குப் பொறுப்பு.

இந்த மாற்றத்தால் யாருக்கு என்ன கிடைத்தது என்பதை எண்களால் ஓரளவு பார்க்கலாம். ஆம்னஸ்டி அமைப்பின் 2019 அறிக்கைப்படி, அந்த ஆண்டு பிப்ரவரியில் மலேசியாவில் தூக்குக்குக் காத்திருந்தவர்கள் 1,281 பேர். அவர்களில் 73 விழுக்காட்டினர் போதைப்பொருள் கடத்தலுக்காக. 568 பேர் வெளிநாட்டவர். காவல் நிலையத்தில் எழுதப்பட்ட வாக்குமூலத்தின் மொழி புரியாத, வழக்கறிஞரின் மொழி புரியாத, ஊரிலிருந்து பார்க்க வர யாரும் இல்லாத மனிதர்கள். ஒரு பெட்டி கையில் இருந்தால் அதிலுள்ளது உனக்குத் தெரிந்திருக்கும், தெரிந்து வைத்திருந்தால் விற்கத்தான் வைத்திருப்பாய் என்று ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு அனுமானங்களை அடுக்கும் வழி சட்டத்தில் இருந்தது. அதை 2019 ஏப்ரலில் கூட்டரசு நீதிமன்றம் அரசியலமைப்புக்கு முரணானது என்று தள்ளியது, பிலிப்பைன்ஸ் நாட்டுப் பெண் ஒருவரின் வழக்கில்தான். வெளிநாட்டு வழக்கு ஒன்று உள்நாட்டவருக்கும் வழி திறந்தது.

2023இல் இன்னொரு தனிச்சட்டமும் வந்தது. ஏற்கெனவே எல்லா மேல்முறையீடும் முடிந்து தூக்குக்குக் காத்திருந்தவர்கள் தண்டனையை மறுபரிசீலிக்கக் கேட்கலாம் என்றது அது. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் அதற்குத் தகுதி பெற்றார்கள். அந்த ஆண்டு நவம்பரில் கூட்டரசு நீதிமன்றம் விசாரணையைத் தொடங்கியது. பலருக்குத் தூக்கு 30 ஆண்டுச் சிறையாக மாறியது. கைதான நாளிலிருந்து கணக்கு. இருபது ஆண்டாக ஒவ்வொரு காலடிச் சத்தத்தையும் கேட்டுக்கொண்டிருந்த ஒருவருக்கு, வெளியே வரும் ஆண்டு எது என்று கணக்கிட முடிந்தது.

புடு சிறை இன்று இல்லை. 1996இல் மூடப்பட்டது, கைதிகள் சுங்கை பூலோவுக்கு மாற்றப்பட்டார்கள். 2010 முதல் இடித்து 2012இல் முடித்தார்கள். முன்வாசல் மட்டும் நிற்கிறது. அந்த நிலத்தில் எழுந்த கட்டடங்களில் 2022 ஜனவரியில் ஒரு பெரிய பேரங்காடி திறக்கப்பட்டது. பழைய சிறையைக் காத்திருக்கலாம் என்று வாதிட்டவர்கள் இருந்தார்கள். நானும் அந்தப் பக்கம்தான். தூக்கு நடந்த இடத்தை மறக்கும் ஊரைவிட, நினைவில் வைத்துக்கொள்ளும் ஊர் சட்டத்தை நிதானமாக எழுதும் என்று நம்புகிறேன்.

இனிப் பாலத்தின் தென்கரை. சிங்கப்பூர் அப்படியே நிற்கிறது என்று சொல்வது முழு உண்மையாகாது. 1991 முதல் 2003 வரை அங்கே நானூறுக்கும் மேற்பட்டோர் தூக்கிலிடப்பட்டதாக ஆம்னஸ்டி கணக்கிட்டது. அவ்வளவு சிறிய நாட்டுக்கு அது நடுங்கவைக்கும் எண். 2012இல் அந்நாட்டு நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தியது. வெறும் கூலிக்குச் சுமந்தவர் என்று நிரூபித்து, கடத்தல் கும்பலைக் குலைக்கக் கணிசமான உதவி செய்தார் என்று அரசு வழக்கறிஞர் சான்று தந்தால், நீதிபதி தூக்குக்குப் பதில் ஆயுள் சிறையும் 15 பிரம்படியும் விதிக்கலாம். சுமந்தவர்களில் மனநலக் கோளாறால் பொறுப்பு கணிசமாகக் குறைந்தவருக்கும் தூக்கு இல்லை. 2020, 2021 ஆகிய இரண்டு ஆண்டுகளில் ஒரு தூக்கும் நடக்கவில்லை. பின் 2022இல் பதினொருவர்.

அந்தத் திருத்தம் யாரைக் காத்தது, யாரைக் காக்கவில்லை என்பதை இரண்டு எடைகளால் சொல்லலாம். சபாவைச் சேர்ந்த யோங் வுய் கோங் 2007இல் பத்தொன்பது வயதில் பிடிபட்டபோது அவரிடம் இருந்தது 47.27 கிராம் தூய ஹெராயின். அவருக்காகச் சிங்கப்பூர்த் தமிழ் வழக்கறிஞர் எம். ரவி ஆண்டுக்கணக்கில் மனுமேல் மனுவாகப் போட்டுத் தூக்கைத் தள்ளிக்கொண்டே வந்தார். அதற்குள் சட்டம் மாறியது. 2013 நவம்பரில் யோங்கின் தண்டனை ஆயுள் சிறையானது. நாகேந்திரனிடம் இருந்தது அதைவிடக் குறைவு, 42.72 கிராம். அவரும் சுமந்தவர் மட்டுமே. ஆனால் அவருக்கு அரசு வழக்கறிஞரின் சான்று கிடைக்கவில்லை. மனநல வாதமும் ஏற்கப்படவில்லை. கும்பலின் அடிமட்டத்தில் இருப்பவருக்கு மேலே இருப்பவர்களைப் பற்றித் தெரிவது மிகக் குறைவு. அறிந்தவன் பேரம் பேசலாம். அறியாதவனுக்குத் தர ஒன்றும் இல்லை. இந்தச் சட்டத்தில் எனக்குப் பொறுக்க முடியாத இடம் இதுதான்.

தூக்குகளின் வரிசை நின்றுவிடவில்லை. 2023 ஏப்ரலில் சிங்கப்பூர்த் தமிழர் தங்கராஜு சுப்பையா, ஒரு கிலோவுக்குச் சற்று அதிகமான கஞ்சா தொடர்பாக. அந்தக் கஞ்சா அவர் கையில் பிடிபட்டதல்ல. 2025 செப்டம்பரில் மலேசியர் தட்சிணாமூர்த்தி காத்தையா, 44.96 கிராம். அடுத்த மாதம், அக்டோபர் 8 அன்று, பன்னீர் செல்வம் பரந்தாமன், 51.84 கிராம். பன்னீர் செல்வம் 2014இல் உட்லண்ட்ஸில் பிடிபட்டவர், சுமந்தவர் மட்டுமே என்று நீதிமன்றமே ஏற்றது, சான்று கிடைக்கவில்லை. சிறைக்குள் கவிதைகளும் பாடல்களும் எழுதினார். அவருடைய சகோதரி வெளியே இருந்து ஆண்டுக்கணக்கில் போராடினார். இந்த வழக்குகளைப் படிக்கும்போது தமிழ்ப் பெயர்கள் எல்லாப் பக்கமும் நிற்பதைப் பார்க்கிறேன். குற்றவாளிக் கூண்டில் தமிழர். அவருக்காக வாதாடும் வழக்கறிஞர் தமிழர். சட்டத்தை உறுதியாகக் காத்து நிற்கும் உள்துறை அமைச்சராக நெடுங்காலமாக இருக்கும் கா. சண்முகமும் தமிழர். ஒரே இனம் என்பதால் ஒரே கருத்து இருக்க வேண்டியதில்லை. ஆனால் அந்தத் தாய்மார்களின் மொழி அந்த அமைச்சருக்கு மொழிபெயர்ப்பாளர் இல்லாமலே புரியும்.

சண்முகம் முன்வைக்கும் வாதத்தைத் தட்டிக்கழிக்கக் கூடாது. 1990களில் ஆண்டுக்கு ஏறத்தாழ ஆறாயிரம் போதைப் பழக்கத்தினர் கைதாகிவந்த நாட்டில் இப்போது ஏறத்தாழ மூவாயிரம் பேர். அபினுக்கு 1,200 கிராம் என்ற தூக்கு வரம்பு வந்தபின் நான்கு ஆண்டுகளில், கடத்தப்பட்ட பொட்டலங்களின் சராசரி எடை 66 விழுக்காடு குறைந்தது என்கிறது அந்த அரசு. போதையால் சீரழிந்த குடும்பங்களையும் நினைத்துப் பாருங்கள் என்கிறார்கள். நினைக்கத்தான் வேண்டும், அந்தப் பிள்ளைகளும் பிள்ளைகளே. ஆனால் எடை குறைந்தது கடத்தல் குறைந்ததற்குச் சாட்சியா, வரம்புக்குக் கீழே பொட்டலம் கட்டக் கற்றுக்கொண்டதற்குச் சாட்சியா என்ற கேள்வி நிற்கிறது. அன்று இந்தப் பகுதியை அச்சுறுத்தியது தங்க முக்கோணத்து ஹெராயின். இன்று அதன் இடத்தில் ஆய்வகத்தில் சமைக்கும் மெத்தம்ஃபெட்டமின். கிழக்கு, தென்கிழக்கு ஆசியாவில் 2023இல் பிடிபட்டது 190 டன், 2024இல் 236 டன் என்கிறது ஐ.நா.வின் போதைப்பொருள் தடுப்பு அலுவலகம். நாற்பது ஆண்டாக இந்தப் பகுதியின் தூக்குமேடைகள் கிராம் கணக்கில் நிறுத்துக்கொண்டிருக்க, சரக்கு டன் கணக்கில் போய்க்கொண்டிருக்கிறது.

சின்னச் சின்ன வழக்கங்களும் மாறியிருக்கின்றன. முன்பு சிங்கப்பூருக்குள் நுழைபவர் நிரப்பித் தரும் வெள்ளை அட்டையில், கடத்தல்காரருக்கு மரணம் என்று சிவப்பு எழுத்தில் அச்சிட்டிருக்கும். இப்போது அட்டை போய், பயணத்துக்கு முன்பே இணையத்தில் நிரப்பும் படிவம் வந்துவிட்டது. முன்பு சாங்கிச் சிறையில் தூக்கு என்றால் வெள்ளிக்கிழமை விடியல். மெல்போர்ன் இளைஞர் வான் துவோங் நுயென் 2005 டிசம்பர் 2, வெள்ளியன்றுதான் தூக்கிலிடப்பட்டார். சாங்கி விமான நிலையத்தில் விமானம் மாறக் காத்திருந்தபோது 396 கிராமுடன் பிடிபட்டவர், தூக்கின்போது வயது இருபத்தைந்து. இப்போது புதனாகவும் வியாழனாகவும் இருக்கிறது. ஒரு வாரத்துக்கு முன் குடும்பத்துக்குக் கடிதம் வருவதும், குடும்பம் வாங்கித் தந்த புதுத்துணியில் கைதியை நிறுத்திப் படம் எடுப்பதும் தொடர்கின்றன. நாகேந்திரனுக்காக ஹொங் லிம் பூங்காவில் நூற்றுக்கணக்கானோர் மெழுகுவத்தியுடன் கூடினார்கள். அந்த நாட்டின் வழக்கத்துக்கு அது பெரிய கூட்டம். மறுபுறம், கடைசி நேர மனுக்களுக்குத் தனி அனுமதி வேண்டும் என்று 2022இல் ஒரு சட்டமும் வந்தது, 2024இல் நடைமுறையானது. எம். ரவி யோங்கைக் காத்த வழி இப்போது குறுகிவிட்டது.

இந்தோனேசியாவின் மாற்றம் வேறு வகை. 2015 ஏப்ரல் 29 அன்று நூசகம்பங்கான் தீவில் எட்டுப் பேரைச் சுட்டுக் கொன்றார்கள். அவர்களில் ஒருவர் மயூரன் சுகுமாரன். லண்டனில் பிறந்து ஆஸ்திரேலியாவில் வளர்ந்த ஈழத் தமிழ்க் குடும்பத்துப் பிள்ளை. பாலியின் கெரோபொகான் சிறையில் ஓவியம் கற்று, மற்றக் கைதிகளுக்கும் கற்றுக்கொடுத்தவர். திருந்திய மனிதரைத்தான் சுட்டார்கள். 2016க்குப் பிறகு அங்கே மரண தண்டனை நிறைவேறவில்லை. 2024 டிசம்பரில் மயூரனின் வழக்கில் எஞ்சியிருந்த ஐவரை ஆஸ்திரேலியாவுக்கே அனுப்பிவிட்டார்கள். அதே மாதம், மரண தண்டனைக் கைதியாகப் பதினான்கு ஆண்டு கிடந்த பிலிப்பைன்ஸ் பெண் மேரி ஜேன் வெலோசோவும் தாய்நாடு திரும்பினார். பேசினால் முடியும் என்பதை இது காட்டுகிறது.

தமிழ்நாட்டுக்கும் இது அயலாரின் கதை அல்ல. 2014 அக்டோபர் 30 அன்று கொழும்பு உயர் நீதிமன்றம் ராமேசுவரம் பகுதியைச் சேர்ந்த மீனவர் ஐவருக்கு ஹெராயின் கடத்தியதாகத் தூக்கு விதித்தது. 1976க்குப் பிறகு இலங்கை யாரையும் தூக்கிலிட்டதில்லை. ஆனாலும் அவர்களுடைய ஊரான தங்கச்சிமடம் கொந்தளித்தது. கடற்கரை கொதித்ததால் அரசியல் அசைந்தது. இந்தியா மேல்முறையீடு செய்தது. இரு அரசுகளும் பேசின. மூன்றே வாரத்தில் அதிபர் மகிந்த ராஜபக்சவின் மன்னிப்பில் ஐவரும் விடுதலையானார்கள். ஓர் ஊரே பின்னால் நின்றதால் கிடைத்த வேகம் அது.

2025 ஏப்ரல் 25 அன்று, இந்தோனேசியாவின் தஞ்சோங் பலாய் கரிமுன் நீதிமன்றம் தமிழ்நாட்டைச் சேர்ந்த மூவருக்கு மரண தண்டனை விதித்தது. முந்தைய ஜூலையில் அவர்கள் இருந்த கப்பலில் 106 கிலோ மெத்தம்ஃபெட்டமின் பிடிபட்டிருந்தது. சரக்கு இருப்பது தங்களுக்குத் தெரியாது என்பது அவர்கள் தரப்பு. இந்த முறை எந்தக் கடற்கரையும் கொதிக்கவில்லை; செய்தி ஒரு நாள் வந்து மறைந்தது. இந்தோனேசியச் சட்டப்படி மேல்முறையீட்டுக்கு ஏழு நாள்தான் அவகாசம். தீர்ப்பு அந்நாட்டு மொழியில். குடும்பத்தார் தில்லி உயர் நீதிமன்றத்தை நாடினார்கள். மே 2 அன்று அந்த நீதிமன்றம், மூவருக்கும் தக்க வழக்கறிஞர் கிடைக்கவும், மேல்முறையீடு செய்ய உதவவும், குடும்பத்தாரோடு அவர்கள் பேச ஏற்பாடு செய்யவும் அங்குள்ள இந்தியத் தூதரக அலுவலகத்துக்கு உத்தரவிட்டது. ஒரு குடிமகன் வெளிநாட்டில் மரண வழக்கில் சிக்கினால், கைதான முதல் வாரத்திலேயே செய்திருக்க வேண்டிய மூன்று காரியங்கள் அவை. தீர்ப்பு வந்து ஒரு வாரம் ஆன பின்பு, நீதிமன்றம் சொல்லித்தான் அவற்றைக் கேட்டுப் பெற வேண்டியிருந்தது.